ஓசோன் பெட்டியும் மதாமின் ரப்பர் பேண்டும்

போன மாசம் ஒரு ரப்பர் பேண்ட் என்னைத் தோற்கடித்துவிட்டது.

ஆமாம்... நீங்கள் படித்தது சரிதான். கறிவேப்பிலைக் கட்டில் சுற்றிக்கொண்டு வருமே, அதே ரப்பர் பேண்ட்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சைக்கிள் கடையில் பங்க்சர் ஒட்டி, சித்தாளாகக் கல் சுமந்து, மேஸ்திரியாகி, இன்றைக்கு வீட்டுக்கு உள்வேலை செய்கிற சாமானுக்கென்றே மூன்று மாடிக் கடை வைத்திருக்கிறேன். தரை, சுவர், சீலிங், அலமாரி... புதுச்சேரியில் நான் கை வைக்காத தெரு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே போய்க் கை வைத்துவிட்டு வருகிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு தரம் மூச்சை இழுத்தால் போதும் — என்ன பெயின்ட், என்ன பிளைவுட், வேலை முடிந்து எத்தனை நாள், எல்லாம் சொல்லுவேன். இந்த மூக்குக்கு டிகிரி கொடுக்கிற காலேஜை இன்னும் யாரும் கட்டவில்லை.

அந்த மூக்கைத்தான் ரப்பர் பேண்ட் உடைத்தது.

ரெட்டியார்பாளையத்தில் ஃபெலிக்ஸ் முசியே என்று ஒருவர் — எங்கள் ஊரில் ஐயாவுக்கு 'முசியே', அம்மாவுக்கு 'மதாம்'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயரான சிப்பாய், எங்கள் பாஷையில் சொல்தா. எழுபத்தாறு வயசிலும் சட்டையை இன் பண்ணித்தான் கேட்டைத் திறப்பார். அவர் சம்சாரம் லூசி மதாம். அவர்கள் வீட்டு மாடியை நான்தான் கட்டினேன். கீழே ஒரு பெரிய அறை வெறும் சாமான் போடுகிற இடமாகக் கிடந்தது.

மதாமுக்கு முட்டியில் ஆபரேஷன். இனிமேல் மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழ் அறையைப் படுக்கையறையாக மாற்ற வேண்டும். யாரைக் கூப்பிடுவார்கள்? இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்!

முசியே ஒரே ஒரு ஆசை சொன்னார். "மேஸ்திரி, தரைக்கு மொக்கெத் போட்டுடுங்க. பிரான்ஸ்ல நாங்க இருந்த வீட்டுல சுவத்துக்குச் சுவர் மொக்கெத்துதான். மதாமுக்குக் காலும் குளிராது, வழுக்கவும் வழுக்காது."

மொக்கெத் என்றால் கார்பெட். கடற்கரை ஊரில், இந்தப் பிசுபிசுப்பில், சுவருக்குச் சுவர் கார்பெட்டா என்று எனக்கே தோன்றியது. ஆனால் சம்சாரத்தின் காலுக்காக ஒரு சொல்தா கெஞ்சும்போது எப்படி மறுக்கிறது? அடியில் ரப்பர் விரிப்பு, மேலே நல்ல தடிமனான கார்பெட். தேக்கு அலமாரிக்கு எண்ணெய் பாலிஷ். சுவருக்குப் பெயின்ட் — இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிற அந்தோணி அடித்தான்.

வேலை முடிந்ததும் புதுப் பெயின்ட் வாசனை இருக்கும் இல்லையா? பத்து நாள் ஜன்னலைத் திறந்து போட்டால் தானாகப் போய்விடும். அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

நான் சும்மா வருகிற ஆளா?

கடைக்குப் புதிதாக வந்திருந்த ஓசோன் பெட்டி ஒன்றை ரிப்பன் கட்டி மதாமுக்குப் பரிசாகக் கொடுத்தேன். வெள்ளைப் பெட்டி. நீல லைட். "கதவு, ஜன்னலைச் சாத்திட்டு ஓட விடுங்க. கடற்கரைக் காத்தைப் பெட்டியில அடைச்சுக் குடுத்த மாதிரி!" என்று மார் தட்டினேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்... மூன்று மாசம் முன்னால் இதே பத்தியில் அதே வரியை எழுதி, 'புது வீட்டு நாற்றத்துக்கு ஓசோன் பெட்டி வாங்குங்கள்' என்று உங்களுக்கும் சொன்னேன்.

பட்டாளத்துக்காரருக்கு ஒரு தரம் சொன்னால் அது ஆர்டர். முசியே கதவையும் ஜன்னலையும் சாத்தினார். பெட்டியை ராப்பகலாக ஓட விட்டார்.

இரண்டு வாரத்தில் போன். "மேஸ்திரி, பெயின்ட் வாசனை போயிடுச்சு. ஆனா வேற ஒண்ணு வருது... பழைய எண்ணெய் சிக்குப் பிடிச்ச மாதிரி."

"மெஷின்ல நம்பர் எத்தனையில இருக்கு?"

"ரெண்டு."

"நாலுல வைங்க முசியே!"

வைத்தார். வாடை கூடிற்று. மறுபடியும் போன். ஆறில் வைக்கச் சொன்னேன். இன்னும் கூடிற்று. தீயை அணைக்க நான் சொம்பு சொம்பாக ஊற்றினேன் — சொம்பில் இருந்தது மண்ணெண்ணெய் என்று தெரியாமல்.

மதாமுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண் எரிச்சல். காலையில் எழுந்தால் தொண்டையில் முள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுல புதுசா பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். போதாதா?

அந்தோணியைக் கூட்டிக்கொண்டு நேரே ரெட்டியார்பாளையம் போனேன். முசியே, வேலைக்கார அம்மா, பக்கத்து வீட்டுக்காரர், எல்லார் எதிரிலும் கத்தினேன். "என்னடா கலந்தே? சீப்பான தின்னரா?"

அந்தோணி சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தண்ணி பெயின்ட்டுக்கு எதுக்கு மேஸ்திரி தின்னரு?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி வந்தால் நான் என்ன செய்வேன்? இன்னும் சத்தமாகக் கத்துவேன். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன்.

அவன் அத்தனையையும் வாங்கிக்கொண்டான். தன் பிரஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு என் வேலைக்கு வரவில்லை.

வேறு ஆளை வைத்துச் சுவரைச் சுரண்டி, மறுபடியும் அடித்தேன். வாடை அங்கேயேதான் இருந்தது.

கனகசெட்டிக்குளத்தில் இருந்து வருகிற மீன்காரம்மா ஒருத்தி உண்டு. மாடியில் இருந்தவரைக்கும் வேலைக்காரியை அனுப்பி மீன் வாங்கிய மதாம், கீழே வந்த பிறகு அறை ஜன்னலைத் திறந்து தானே பேரம் பேசுவார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த மீன்காரம்மா ஒரு நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். "இன்னா மதாம், உங்க ரூமு எங் கூடையை விட நாறுதே!"

சொல்லுங்கள், மீன்காரியே மூக்கைப் பொத்தினால் அந்த மேஸ்திரி எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

என் முகம் கிடக்கட்டும். விஷயம் அதைவிடப் பெரிசு. பாரிஸில் இருக்கிற அவர்கள் பிள்ளை வீடியோவில் வந்து முடிவாகச் சொல்லிவிட்டான் — மாடி ஏற முடியாது, கீழே மூச்சு விட முடியாது, வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று. புரோக்கர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டும் போய்விட்டார்.

செய்தி கேட்டு ஓடினேன். முசியே வாசலில் நின்றார். சட்டை இன் பண்ணியிருக்கவில்லை.

மதாம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபப் புஸ்தகம். "அங்க நாலாவது மாடி மேஸ்திரி. ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுச் சுவரு. யாரோட நான் மீனுக்குச் சண்டை போடுவேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

"ஒரு வாரம் டைம் குடுங்க மதாம். நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது.

அவர் புஸ்தகத்தைப் பிரித்தார். பழைய புஸ்தகம், அட்டை கழன்றது. ஏடு உதிராமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். அது அறுந்து மடியில் விழுந்தது.

"பாருங்க... இந்த ரூம்ல ரப்பர் பேண்டுக்குக்கூட ஆயுசு இல்ல. வந்ததுல இருந்து இது நாலாவது. சமையல்கட்டுல கறிவேப்பிலை டப்பாவுல சுத்தினது ரெண்டு மாசமா அறுந்து போகாம இருக்கு."

அறுந்த துண்டைக் கையில் எடுத்தேன். இழுத்துப் பார்த்தேன். முழுக்க வெடிப்பு. கோடையில் ஏரி காய்ந்தால் தெரியுமே, அந்த மாதிரி.

எங்கேயோ பார்த்த வெடிப்பு.

முதலியார்பேட்டை சைக்கிள் கடை! எனக்குப் பதின்மூன்று வயசு. பக்கத்தில் வெல்டிங் பட்டறை. அந்தப் பக்கச் சுவரில் ஆணி அடித்து, இழுத்து மாட்டி வைத்த புது டியூபெல்லாம் இப்படித்தான் வெடிக்கும். இந்தப் பக்கச் சுவரில் மாட்டியது வெடிக்காது. வெல்டிங் ஓடும்போது ஒரு வாசனை வரும் — சுருக்கென்று, இடி இடித்த பிறகு வருமே, அந்த மாதிரி. "அந்தக் காத்து ரப்பரைத் தின்னுதுடா" என்று சொல்லி முதலாளி எல்லா டியூபையும் இந்தப் பக்கம் மாற்றினார்.

அதே சுருக்... இந்த அறையிலும் இருந்தது. முதல் நாளில் இருந்தே இருந்தது. நான் அதைப் 'ஃப்ரெஷ்' என்று நினைத்தேன்.

மதாமின் கைத்தடியைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் இருந்த ரப்பர் குமிழும் வெடித்திருந்தது.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். ஜன்னல்களைத் திறந்தேன்.

"மேஸ்திரி! மெஷினை நிறுத்தினா நாத்தம் கூடுமே?" முசியே பதறினார்.

"கூடினா என் மூக்கை அறுத்துக்குங்க முசியே. இன்னிலேர்ந்து மதாம் ஹால்ல படுக்கட்டும்."

மறுநாள் காலை கடற்கரை. என்னோடு வாக்கிங் வருகிற புரபசர் ஒருவர் இருக்கிறார். காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். நான் பேசுகிறதில் பாதியைக் காதில் வாங்க மாட்டார். அன்றைக்கு முழுசாக வாங்கினார்.

"யோவ் மேஸ்திரி, ரப்பர் வெடிச்சுதா? அப்ப அது ஓசோன்தான். வேற சாட்சியே வேணாம்."

"ஓசோன் நல்லதுதானே சார்? வானத்துல ஓட்டை விழுந்துச்சுன்னு அவ்வளவு கத்துனாங்களே..."

"வானத்துல இருந்தா குடை. மூக்குகிட்ட வந்தா அதுவே முள்ளு. நெஞ்சை எரிக்கும். அதுக்கு இருப்பே கொள்ளாதுய்யா. எதையாவது கடிச்சாத்தான் நிம்மதி. ரூம்ல என்னென்ன போட்டீர்?"

சொன்னேன். கார்பெட், அடியில் ரப்பர், எண்ணெய் பாலிஷ் போட்ட அலமாரி. தினமும் எலுமிச்சை வாசனை லிக்விட் போட்டுக் கதவையும் வராண்டாவையும் துடைக்கிறார்கள்.

புரபசர் நின்றுவிட்டார். "விருந்தே வெச்சிருக்கீரேய்யா! கார்பெட் நூல்ல எண்ணெய்ப்பசை, பாலிஷ்ல ஆளிவிதை எண்ணெய், அந்த எலுமிச்சை வாசனை, தலையணையில ஒட்டுற நம்ம தோல் எண்ணெய்கூட... எல்லாம் ஓசோனுக்கு இஷ்டமான சாப்பாடு. தின்னுட்டு சும்மா போகாது. எச்சில் இலையைப் போட்டுட்டுப் போகும். அந்த எச்சில்தான் நீர் சொன்ன சிக்கு வாடை. நீர் நம்பரைக் கூட்டக் கூட்ட, பந்தியும் கூடியிருக்கு."

"அப்ப சுவரு?"

"சுண்ணாம்பு, மண்பூச்சு, செங்கல் இதெல்லாமும் ஓசோனை வாங்கும். ஆனா வாங்கிட்டு வாயை மூடிக்கும். நாத்தத்தைத் திருப்பிக் குடுக்காது."

"ஜன்னலைத் திறந்தா வெளியில இருந்து ஓசோன் வராதா?"

"வரும். உச்சி வெயில்ல வண்டிப் புகையும் சேர்ந்தா வெளியிலயும் கொஞ்சம் உண்டாகும். ஆனா வர்ற காத்து போகவும் செய்யும் இல்ல? நீர் கதவைச் சாத்திட்டு உள்ளேயே ஃபாக்டரி வெச்சீர்."

"கடற்கரைக் காத்துல ஓசோன் இருக்குன்னு சொல்றாங்களே சார்..." கடைசி நம்பிக்கையாகக் கேட்டேன்.

"இங்க நீர் மோந்து பாக்குறது பாசிய்யா!"

படித்தவர் சொன்னால் உடனே நம்பிவிடுவேனா? கையால் செய்து பார்க்காததை நான் நம்புகிறதில்லை. பெட்டியைக் கொண்டுபோய்க் கடையின் பின்பக்கம் காலியாக இருந்த சின்ன அறையில் வைத்தேன். அதே கார்பெட்டில் ஒரு புதுத் துண்டு. பெயின்ட் கிடையாது, வெறும் சிமென்ட் சுவர். ஒரு டம்ளரில் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினேன். கதவைச் சாத்தி, நம்பர் ஆறு. அடுத்த அறையில் அதே கார்பெட், அதே டம்ளர், அதே ரப்பர் பேண்ட் — பெட்டி மட்டும் இல்லை.

நாலாம் நாள் புரபசரைக் கூட்டி வந்தேன். பெட்டியை வெளியில் இருந்தே நிறுத்தி, சற்று நேரம் விட்டுக் கதவைத் திறந்தேன்.

சிக்கு வாடை. ரெட்டியார்பாளையம் அப்படியே வந்து நின்றது. டம்ளரில் ரப்பர் பேண்ட் இல்லை — தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. அடுத்த அறையில் வாடையும் இல்லை, ரப்பர் பேண்டும் ஜம்மென்று இருந்தது.

புரபசர் என் முதுகில் தட்டினார். "ஆறாங்கிளாஸ் படிச்சவன் பரிசோதனை பண்ணியிருக்கான்யா... எங்க பசங்க இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டானுங்க."

அந்தப் பாராட்டை நான் கண்ணாடி போட்டு மாட்டலாம். ஆனால் அன்றைக்கு அது இனிக்கவில்லை. அந்த அறையில் பெயின்ட்டே இல்லை, பாருங்கள். பெயின்ட் இல்லாமல் வாடை வந்துவிட்டது. அப்படியென்றால் அந்தோணி?

முதலில் மதாம். மொக்கெத்தையும் ரப்பர் விரிப்பையும் சுருட்டி வெளியே எறிந்தேன். முசியேவுக்கு மனசு கேட்கவில்லைதான். அடியில் பழைய சிவப்புக் காவித் தரை இருந்தது. தேய்த்து விட்டால் கண்ணாடி. கட்டில் பக்கத்தில் கால் வைக்க மட்டும் ஒரு பருத்தி ஜமக்காளம், வழுக்காமல் இருக்க ஓரத்தில் பித்தளை ஆணி. தலையணை உறை, திரை எல்லாம் துவைக்கப் போட்டேன். எலுமிச்சை லிக்விடுக்கு விடை கொடுத்து, வெறும் தண்ணீரில் துடைக்கச் சொன்னேன். காற்று வரவும் போகவும் எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்தே இருந்தன.

ஒரு வாரம் போயிற்று. மீன்காரம்மா வந்தாள். ஜன்னலில் தலையை நீட்டி ஒரு இழு இழுத்தாள். "இப்ப எங் கூடைதான் நாறுது மதாம். சங்கரா வேணுமா?"

எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட்டிலேயே பெரியது அதுதான்.

மதாமின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டாக்டரும் அந்தப் பெட்டியை இனி வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். முசியே பிள்ளைக்கு வீடியோ போட்டு, சட்டையை இன் பண்ணி நின்று, "நாங்க வரலடா" என்றார். புரோக்கர் போன் பண்ணியபோது பேசினது மதாம். என்ன பேசினார் என்று கேட்டேன். "மீன்காரிகிட்ட கத்துக்கிட்டதை" என்றார்.

மிச்சம் அந்தோணி.

லாஸ்பேட்டையில் வேறொருத்தர் கட்டடத்தில் வேலை செய்கிறான் என்று தெரிந்தது. போனேன். இரண்டாவது மாடி உயரத்தில், சாரத்தில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். கீழே பத்துப் பதினைந்து பேர்.

"அந்தோணி... தப்பு என்னுதுப்பா" என்றேன்.

"கேக்கல மேஸ்திரி! சத்தமாச் சொல்லுங்க!"

கேட்டது. அவனுக்கு நன்றாகவே கேட்டது. எனக்கும் புரிந்தது — திட்டினது எத்தனை பேர் எதிரில்? மன்னிப்பு மட்டும் காதோடு காதாகவா?

கத்தினேன். "பெயின்ட்டுல ஒண்ணும் இல்ல! நான் குடுத்த பெட்டிதான் காரணம்! உம்மேல தப்பு சொன்னது எந் தப்பு!"

வேலை செய்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அந்தோணி மெதுவாக இறங்கி வந்தான். கையில் சுண்ணாம்பு.

"இதை உங்க பேப்பர்லயும் எழுதுவீங்களா மேஸ்திரி? பெட்டி வாங்கச் சொல்லி எழுதினீங்களே... எம் மச்சினன் வாங்கி வெச்சிருக்கான். வீட்டுல பச்சைக் கொழந்த."

அந்த நிமிஷமே அவன் மச்சினனுக்குப் போன் போட்டு ஒயரைப் பிடுங்க வைத்தோம். அதற்குப் பிறகுதான் இருவரும் டீ குடித்தோம்.

ஆகவே எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டு ஓசோன் பெட்டி வாங்கியவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள். ஜன்னலைத் திறங்கள். என் கடையில் வாங்கியதானால் கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். மூச்சுக்குச் சிரமம் என்றால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். அடி எல்லாருக்கும்தான் விழுகிறது. சிலர் கார்பெட் — வாங்கினதை ஊரே நாறத் திருப்பிக் கொடுப்போம். சிலர் சுண்ணாம்புச் சுவர் — வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். அந்தோணி எந்த ரகம், நான் எந்த ரகம் என்று நான் சொல்ல வேண்டுமா?

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து மதாமைப் பார்க்கப் போனேன். ஜெபப் புஸ்தகத்தில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் காட்டினார். ஒரு வெடிப்பு இல்லை. "ஒரு மாசம் ஆச்சு மேஸ்திரி" என்றார்.

"என் வேலைன்னா சும்மாவா மதாம்! இந்தப் புதுச்சேரியிலேயே..." என்று ஆரம்பித்தேன்.

மதாம் அந்த ரப்பர் பேண்டை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். "பெருமை பேச வாய் வரும்போதெல்லாம் இதை ஒரு தரம் இழுத்து விடுங்க."

இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் மணிக்கட்டு சிவந்துவிட்டது... நல்ல காற்று போல — சனியன், அறுந்து தொலைய மாட்டேன் என்கிறது!